வெயில் நாட்டில் ஓய்வுக்காலம்: போகலாமா, இருந்த இடத்திலேயே இருக்கலாமா?

பனிக்காடு:
எனக்கு அறுபத்தைந்து வயது, மனைவிக்கு அறுபத்திரண்டு. வேலைக்காலம் முழுவதும் குளிர் நாட்டில் கழிந்துவிட்டது. மனைவிக்கு மூட்டுவலி. நவம்பரிலிருந்து மார்ச் வரை வீட்டைவிட்டு இறங்கவே தயங்குகிறாள். நடைபாதையில் பனி உறைந்தால் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வோமோ என்ற பயம் எனக்கும் உண்டு. வீட்டை விற்றுவிட்டு ஸ்பெயின், போர்ச்சுகல், தாய்லாந்து, மலேசியா, பனாமா இவற்றில் ஒன்றில் நிரந்தரமாகக் குடியேறலாம் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் தனிக்குடும்பமாகி வேறு ஊர்களில் இருக்கிறார்கள். போனவர்களும் வேண்டாம் என்பவர்களும் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

கடலோரம்:
போங்கள் ஐயா, தள்ளிப்போடாதீர்கள். நானும் கணவரும் தெற்கு ஸ்பெயினுக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. ஜனவரியிலும் தினமும் காலையில் நடக்கிறோம். முன்பெல்லாம் அவருடைய நடை ஏப்ரலில் தொடங்கி அக்டோபரில் நின்றுவிடும். இந்த வயதில் ஐந்து மாதம் உட்கார்ந்தே கிடந்தால் தசை கரைகிறது, வசந்தம் வந்தாலும் பழைய பலம் முழுதாகத் திரும்புவதில்லை. வாடகை குறைவு, வரி குறைவு என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். கால் ஓடும் காலத்தில் நடக்க ஒரு இடம் வேண்டும். அது கிடைத்தது.

வடக்குவாசல்:
கடலோரம் அக்கா சொல்வது அறுபத்தைந்து வயதுக்கு ரொம்பச் சரி. நான் கேட்பது எண்பத்தைந்தைப் பற்றி. போகிறவர்கள் இரண்டு பேராகப் போகிறார்கள், கடைசியில் அங்கே இருக்கப்போவது ஒருவர்.

என் அண்ணனும் அண்ணியும் இப்படித்தான் போனார்கள். முதல் எட்டு வருடம் அவர்கள் அனுப்பிய படங்களைப் பார்த்து எங்களுக்கே ஆசை வந்தது. பிறகு அண்ணன் காலமானார். விசா அவர் பெயரில், அண்ணி அவரைச் சார்ந்தவர். பென்ஷனும் அவருடையதுதான், அண்ணிக்கு வந்தது பாதி. வங்கிக் கணக்கு அவர் ஒருவர் பெயரில் இருந்ததால் முடக்கிவிட்டார்கள். கார் ஓட்டத் தெரியாது, அரசு அலுவலகத்தில் பேச மொழி வராது. துக்கம் ஆறுவதற்குள் அவர் தன் பெயரில் புதிதாக வருமானச் சான்று காட்டி வசிப்புரிமை கேட்க வேண்டியிருந்தது. திரும்பி வரலாம் என்றால், விற்ற வீட்டின் விலைக்கு இங்கே அதில் பாதி அளவு வீடுகூடக் கிடைக்கவில்லை. ஐயா, அம்மா தனியாக நின்றால் அங்கே எப்படி வாழ்வார் என்று முதலில் எழுதிப் பாருங்கள். வெயிலைப் பற்றி அப்புறம் பேசலாம்.

கணக்கர்:
எந்த நாட்டுப் பென்ஷன் என்று சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் போகும் நாட்டைத் தேர்ந்தெடுக்கவே முடியாது.

பிரிட்டன் அரசுப் பென்ஷன் என்றால், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கோ அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், ஜமைக்கா போன்ற ஒப்பந்த நாடுகளுக்கோ போனால் ஆண்டுதோறும் உயரும். தாய்லாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா போன்ற இடங்களுக்குப் போனால், முதல் தடவை அங்கே வாங்கிய தொகையிலேயே உறைந்துவிடும். இருபது வருடம் கழித்தும் அதே தொகைதான். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி மாட்டியிருக்கிறார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2010-இல் தோற்றார்கள்.

கனடா என்றால், பதினெட்டு வயதுக்குப் பிறகு குறைந்தது 20 வருடம் அங்கே வசித்திருந்தால்தான் முதியோர் பாதுகாப்புத் தொகை வெளிநாட்டிலும் தொடர்ந்து வரும். குறைந்த வருமானக்காரர்களுக்குத் தரும் கூடுதல் தொகை, நாட்டைவிட்டுப் போய் ஆறு மாதத்துக்கு மேல் ஆனால் நின்றுவிடும்.

அமெரிக்கக் குடிமகன் என்றால் எங்கே போனாலும் அமெரிக்காவுக்கும் வரிக் கணக்குக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் தனியாக அறிவிக்க வேண்டும். மெடிகேர் என்னும் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு வெளிநாட்டுச் சிகிச்சைக்கு அநேகமாக எதுவும் தராது. சந்தா வீண் என்று அதன் 'பி' பகுதியை நிறுத்திவிட்டுப் பிறகு திரும்பி வந்தால், விட்ட ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் பத்து சதவீதம் கூட்டி, ஆயுள் முழுக்கக் கட்ட வேண்டும்.

கடலோரம்:
கணக்கர் சொன்னதில் எங்களுக்குச் சாதகமானதும் இருக்கிறதே. பிரிட்டன் அரசுப் பென்ஷன் வாங்குவோர் ஸ்பெயினில் குடியேறினால் 'எஸ்1' படிவத்தைப் பதிந்து உள்ளூர் அரசு மருத்துவத்தைப் பெறலாம், செலவு பிரிட்டனுடையது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகிய பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் இது நடக்கிறது. பனாமாவில் மாதம் 1,000 டாலர் ஆயுள் பென்ஷன் காட்டினால் ஓய்வூதியர் விசா. அங்கே புழங்குவதே டாலர் என்பதால், டாலரில் பென்ஷன் வாங்குபவருக்கு நாணய மாற்றுக் கவலையே இல்லை. ஒழுங்காகத் தேடினால் நமக்குப் பொருந்தும் நாடு கிடைக்கும். பயமுறுத்தியே ஒருவரைக் குளிருக்குள் உட்கார வைக்காதீர்கள்.

கணக்கர்:
பயமுறுத்தவில்லை அக்கா. இன்றைய விதியைப் பார்த்துப் போகிறோம், அந்த விதி நம்மோடு கூடவே வயதாவதில்லை என்பதுதான் என் கவலை. போர்ச்சுகல் 2009-இல் கொண்டுவந்த வரிச்சலுகையில் வெளிநாட்டுப் பென்ஷனுக்கு வரி இல்லாமல் இருந்தது. 2020-இல் புதிதாக வருபவர்களுக்குப் பத்து சதவீதம் போட்டார்கள், 2024-இல் கதவையே மூடிவிட்டார்கள். ஃபின்லாந்தும் ஸ்வீடனும் இதைப் பொறுக்காமல் போர்ச்சுகலோடு இருந்த வரி ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டன. மலேசியாவில் வெளிநாட்டார் நீண்டகாலம் தங்கும் திட்டத்தில் மாத வருமான வரம்பு 10,000 ரிங்கிட்டாக இருந்தது, 2021-இல் ஒரே அடியாக 40,000 ஆனது. 2024-இல் மறுபடி மாற்றினார்கள். தாய்லாந்து 2024 முதல், வரிச் சட்டப்படி அங்கே வசிப்பவராகக் கருதப்படுபவர் உள்ளே கொண்டுவரும் வெளிநாட்டு வருமானத்தையும் வரிக்கு உட்படுத்துகிறது.

நாணயம் இன்னொன்று. 2016 ஜூனில் பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்கு முன் ஒரு பவுண்டுக்குச் சுமார் 1.30 யூரோ. அந்த இலையுதிர் காலத்தில் 1.10 பக்கம் வந்துவிட்டது. யூரோவில் செலவு செய்யும் பென்ஷன்காரருக்கு அது எட்டில் ஒரு பங்குக்கும் மேல் சம்பளவெட்டு. உங்கள் திட்டம் அந்த அளவு சரிவைத் தாங்குமா என்று போட்டுப் பாருங்கள்.

மருந்துப்பெட்டி:
நான் முதியோர் வார்டில் செவிலியாக இருந்தவள். இரு தரப்பும் வெயிலை நல்லது என்றே எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். வெயிலும் ஆளைக் கொல்லும்.

வயதானால் வியர்ப்பது குறைகிறது, தாகமும் சரியாகத் தெரிவதில்லை. அதோடு ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் உடம்பில் நீர் வற்றுவது தெரியாமலே மயங்கி விழுவார். ஐரோப்பாவில் 2003 கோடையில் வெப்பத்தால் இறந்தவர்கள் சுமார் 70,000 பேர் என்று மதிப்பிட்டார்கள். 2022 கோடையில் 60,000-க்கும் மேல், அதில் இத்தாலியும் ஸ்பெயினும் முன்னால். பெரும்பாலோர் முதியவர்கள். புழுக்கமான வெப்பமண்டல நாட்டில் வியர்வை காயாததால் நிலைமை இன்னும் மோசம், டெங்குவும் சேரும்.

குளிரிலிருந்து தப்பிக்கப் போர்ச்சுகலுக்குப் போகிறவர்கள் இதையும் கேளுங்கள். ஐரோப்பாவின் பதினான்கு நாடுகளின் 1988–97 காலத்துக் கணக்கை ஒப்பிட்டு 2003-இல் வந்த ஆய்வில், குளிர்மாதங்களில் கூடும் மரணம் மிக அதிகம் இருந்தது போர்ச்சுகலில், 28 சதவீதம். மிகக் குறைவு ஃபின்லாந்தில், 10. காரணம் வெளியே இருக்கும் குளிர் அல்ல. ஃபின்லாந்து வீடுகள் குளிரை உள்ளே விடாமல் கட்டப்பட்டவை, தெற்கத்தி வீடுகள் அப்படி அல்ல. கல் தரையும் மெல்லிய சுவரும் ஹீட்டர் இல்லாத படுக்கையறையுமாக இருந்தால், வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே மூட்டு வலிக்கத்தான் செய்யும். வீடு பார்க்க ஜனவரியில் போங்கள், ஆகஸ்டிலும் ஒரு தடவை போங்கள்.

மலைப் பக்கம் போனால் இதமாக இருக்குமே என்று சிலர் எக்வடோரின் குவென்கா போன்ற ஊர்களைச் சொல்வார்கள். அது சுமார் 2,500 மீட்டர் உயரம். இதயமோ நுரையீரலோ பலவீனமாக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் அந்தப் பக்கம் யோசிக்காதீர்கள்.

வடக்குவாசல்:
மருந்துப்பெட்டி அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். மறதி நோய் வந்தால் பிற்பாடு கற்ற மொழிதான் முதலில் போகும் என்கிறார்களே?

மருந்துப்பெட்டி:
எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை, ஆனால் நிறையப் பேருக்கு அப்படித்தான். பத்து வருடம் சரளமாகப் பேசிய மொழி கலைந்து, சின்ன வயது மொழி மட்டும் மிஞ்சும். வலிக்கிறது, கழிவறைக்குப் போக வேண்டும், பயமாக இருக்கிறது என்று அவர் சொல்வது பராமரிப்பவருக்குப் புரியாது. புரியாததால் முரண்டு பிடிக்கிறார் என்று நினைத்து மயக்க மருந்து கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். எழுபதில் போகிற யாரும் இதை யோசிப்பதில்லை.

கடலோரம்:
யோசித்துத்தான் வந்தோம், அதனால்தான் இவ்வளவு உறுதியாகப் பேசுகிறேன். கடற்கரை வில்லா வாங்கவில்லை. லிப்ட் உள்ள அடுக்குமாடி, நடந்துபோகும் தூரத்தில் அரசு சுகாதார நிலையம், பக்கத்தில் பஸ். வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும். எனக்குத் தனியாக வசிப்பு அட்டை. மொழி வகுப்புக்கு இன்றும் போகிறேன், டாக்டரிடம் துபாஷி இல்லாமல் பேசுகிறேன். உயில் எழுதியாயிற்று.

தம்பி வடக்குவாசல், உங்கள் அண்ணி பட்ட பாடு கேட்டு மனசு கனத்தது. ஆனால் அவரைத் தவிக்கவிட்டது எல்லாவற்றையும் ஒருவர் பெயரில் வைத்ததுதான். அது எந்த நாட்டிலும் ஒரு பெண்ணைத் தவிக்கவிடும். குளிர் நாட்டில் ஒற்றை அறையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளின் ஞாயிறு போனுக்காகக் காத்திருக்கிற மூதாட்டிகள் எத்தனை பேர்? அங்கே இருந்தால் மட்டும் தனிமை வராது என்று யார் உத்தரவாதம் தந்தது? எண்பத்தைந்தில் என்ன ஆகுமோ என்று பயந்து அறுபத்தைந்திலிருந்து எழுபத்தைந்து வரைக்கும் உள்ள பத்து வருடத்தைத் தாரை வார்க்கச் சொல்கிறீர்கள். எண்பத்தைந்தை எல்லோரும் பார்ப்பதும் இல்லை.

கணக்கர்:
உயில் பற்றி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகளில், 2015 ஆகஸ்ட் 17 அன்றோ அதற்குப் பிறகோ இறந்தவரின் சொத்துக்கு அவர் கடைசியாக வழக்கமாக வசித்த நாட்டுச் சட்டம் பொருந்தும். ஸ்பெயினில் பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு உண்டு. வீட்டை மனைவிக்கே விட வேண்டும் என்றால், என் குடியுரிமை நாட்டுச் சட்டமே பொருந்த வேண்டும் என்று உயிலில் தெளிவாக எழுத வேண்டும். எழுதாமல் போனால் அம்மா வாழும் வீட்டில் பிள்ளைகளும் பங்காளிகள் ஆகிவிடுவார்கள். தாய்லாந்தில் வெளிநாட்டார் பெயரில் நிலமே வாங்க முடியாது, அடுக்குமாடியில் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டாருக்கு. அங்கே வாடகைக்கு இருப்பதே மேல்.

பறவைமடல்:
இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறதே. குளிர்காலம் மட்டும் தெற்கே, மீதி வீட்டில். எங்கள் வட்டத்தில் பலர் இப்படித்தான். நாள் கணக்கு மட்டும் முக்கியம். கனடாவின் ஒன்டாரியோ மாகாண மருத்துவக் காப்பு தொடர வேண்டும் என்றால் பன்னிரண்டு மாதத்தில் 212 நாளுக்கு மேல் மாகாணத்தைவிட்டு வெளியே இருக்கக் கூடாது. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகள் பொது எல்லையோடு சேர்ந்த ஷெங்கன் பகுதியில் விசா இல்லாமல் 180 நாளில் 90 நாள்தான், பிரிட்டிஷ்காரர்களுக்கும் 2021 முதல் அதேதான். 2025 அக்டோபரிலிருந்து கைரேகை எடுத்துக் கணினியில் எண்ணத் தொடங்கிவிட்டார்கள், முத்திரையைப் பார்த்துத் தடவித் தடவி எண்ணும் காலம் போய்விட்டது.

கடலோரம்:
இரண்டு வீட்டுச் செலவு, ஒவ்வொரு வருடமும் பெட்டி தூக்குவது, எங்கேயும் ஆழமாக நட்பு வளராதது. எழுபத்தைந்துக்கு மேல் அந்தப் பயணமே சுமையாகிவிடும். எனக்குப் பிடிக்கவில்லை.

பனிக்காட்டின் துணைவி:
அவருடைய கணக்கிலிருந்தே எழுதுகிறேன். எல்லோரும் என்னைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்பதால் நானே கேட்கிறேன். வலி எனக்குத்தான், போக ஆசையும் எனக்குத்தான். ஆனால் அவருக்குப் பிறகு என் பெயரில் தங்க முடியுமா? எனக்குச் சின்னப் பென்ஷன் மட்டும்தான்.

கணக்கர்:
அம்மா, இதுதான் சரியான கேள்வி. ஸ்பெயினில் வேலை செய்யாமல் வசிக்கும் விசாவுக்கு முதன்மை விண்ணப்பதாரர் ஐபிரெம் என்னும் அரசு அளவீட்டின் நான்கு மடங்கு வருமானம் காட்ட வேண்டும், சார்ந்தவருக்கு அதே அளவீட்டில் ஒரு மடங்கு. முதல் ஐந்து வருடம்தான் ஆபத்தான காலம். ஐந்து வருடம் சட்டப்படி தொடர்ந்து வசித்துவிட்டால் நீண்டகால வசிப்புரிமையை உங்கள் பெயரிலேயே கேட்கலாம். தாய்லாந்தில் ஓய்வூதியர் அனுமதிக்கு வயது 50 ஆகியிருக்க வேண்டும், உள்ளூர் வங்கியில் 800,000 பாட் வைப்போ மாதம் 65,000 பாட் வருமானமோ வேண்டும். வீடு விற்ற பணத்தில் அந்த வைப்பை உங்கள் பெயரில் தனியாகப் போட்டுவிட்டால் நீங்கள் யாரையும் சாராமல் தங்கலாம். ஆனால் அது வருடா வருடம் புதுப்பிக்கும் அனுமதி, எத்தனை வருடம் இருந்தாலும் தானாக நிரந்தரம் ஆகாது.

வடக்குவாசல்:
அப்படியென்றால் அந்த முதல் ஐந்து வருடமாவது வீட்டை விற்காதீர்கள் அம்மா. வாடகைக்கு விட்டுவிட்டுப் போங்கள். ஐந்தாவது வருடம் உங்கள் பெயரில் அட்டை கைக்கு வந்த பிறகு விற்பதைப் பற்றி முடிவெடுங்கள்.

கடலோரம்:
வாடகைக்கு விடுவதில் எனக்கும் சம்மதம், அந்த வாடகைக்கு எந்த நாட்டில் வரி என்று கணக்கரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஐந்து வருடம் முடியட்டும் என்று புறப்படுவதைத் தள்ளாதீர்கள். இந்த ஜனவரியில் ஒரு மாதம் வந்து தங்கிப் பாருங்கள் அம்மா. சுகாதார நிலையத்துக்கு நானே கூட்டிப் போகிறேன்.

பனிக்காட்டின் துணைவி:
ஜனவரியில் வருகிறோம். ஆகஸ்டிலும் ஒரு வாரம் வர வேண்டும் என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.