ரக்பி ஆடிட்டு பி.டி. வாத்தியார் ஆகறது எப்படிங்க? பசங்க பூரா கபடிக்காரங்க

நொய்யல்கரை:
வணக்கமுங்க. டிகிரி கடைசி வருசம், பல்கலைக்கழக அணியில ரக்பி. பி.பி.எட். (உடற்கல்வி வாத்தியார் படிப்பு) படிச்சுட்டு காங்கேயம் பக்கம் பள்ளிக்கூடத்துல சேரணும், பசங்களுக்கு ரக்பி பழக்கணும், பொறவு மாவட்டச் சங்கம் தொடங்கணும். நம்ம பக்கம் மைதானமெல்லாம் சரளை. எதுல ஆரம்பிக்கறதுங்க?

சாக்பீஸ்:
ரக்பி ஆடுனதுக்கான சர்டிபிகேட்ல ஆரம்பிங்க தம்பி. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டின்னா படிவம் 3, பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர் கையெழுத்து. மாநிலத்துக்காக தேசியப் போட்டியில ஆடியிருந்தா படிவம் 2, மாநிலச் சங்கச் செயலாளர் கையெழுத்து. இனிஷியல் மார்க்‌ஷீட்ல இருக்கற மாதிரியே இருக்கோணும். கல்லூரிய விட்டு வெளிய வர்றதுக்குள்ள வாங்கிருங்க.

பி.பி.எட். 2 வருசம், 4 செமஸ்டர். பெரியநாயக்கன்பாளையத்துல மாருதி கல்லூரி இருக்குதுங்க. ரக்பிய மட்டும் நம்பிப் போகாதீங்க. பள்ளிக்கூடத்துல மொத நாள் கேக்கறது 200 மீட்டர் டிராக் போடத் தெரியுமான்னுதான்.

பாடிக்கோடு:
கபடிப் பசங்க கெடைச்சது யோகமுங்க, பயமில்லாம மோதுவாங்க. ஆனா கை பழகுன பழக்கம் மூணு மாறோணும்.

ஒண்ணு, பிடி. கபடியில ஆள் விழுந்தாலும் விடமாட்டான். ரக்பியில ஆள் கீழ விழுந்த நொடியே பிடிச்சவன் கைய விட்டுட்டு விலகோணும், இல்லீன்னா பெனால்டி. விழுந்தவனும் பந்தை அப்பவே விட்டாகோணும். மொத மாசம் விசில் இதுக்கேதான் ஊதுவீங்க. ரெண்டு, ‘டேஷ்’, கபடியில ஆளை இடிச்சு வெளிய தள்றது. கை சுத்தாம தோள்ல இடிச்சாத் தப்பு. மூணு, தூக்கிப் போடறது. இடுப்புக்கு மேல கால் போற மாதிரி தூக்கிச் சாய்ச்சா சிவப்பு அட்டை வரைக்கும் போகும். செவன்ஸ்ல (அணிக்கு 7 பேர் ஆடற ரக்பி) ஒரு பாதியே 7 நிமிசந்தான். மஞ்சள் அட்டைக்கு 2 நிமிசம் வெளிய ஒக்காந்தாலே ஆட்டம் போயிரும்.

தலை எங்க இருக்குதுன்னு மட்டும் விடாமப் பாருங்க. பிடிக்கறவன் தலை, ஓடறவனோட பின்பக்கம் ஒட்டியிருக்கோணும். முன்னால போச்சுன்னா முழங்கால் நேரா நெத்தியில. அடிபட்டு ஒரு நிமிசம் தடுமாறுனாலும் அன்னைக்கு அவனுக்கு ஆட்டம் முடிஞ்சது.

சரளையில டேக்கிள் (ஆளைப் பிடிச்சுக் கீழ சாய்க்கறது) வேண்டாங்க, டேக் ரக்பிதான், ஆளைப் பிடிக்காம இடுப்புல தொங்கற துண்டை உருவறது. திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட்ல ஒண்ணேகால் அடி நீளத்துக்கு ரெண்டு துண்டு, இடுப்புக்கு ரெண்டு பக்கமும் சொருகுனாப் போதும். முடிச்சுப் போட்டாங்கன்னா துண்டோட டவுசரும் வந்துரும். டேக்கிளுக்கு சாக்குல தென்னை நார் திணிச்சுத் தெச்சுக்கங்க. மண்ணு நெரப்பாதீங்க, கல்லாட்டம் எறுகித் தோள்பட்டைய வாங்கிரும். 10லிருந்து 14 வயசுக்கு 4ஆம் நம்பர் பந்து, அதுக்கு மேல 5.

மினிட்ஸ்புக்:
சங்கத்துக்கு 1975ஆம் வருச தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். கொறஞ்சது 7 பேர், மாவட்டப் பதிவாளர் ஆபீஸ். ஆனா மொதல்ல மாநிலச் சங்கத்துக்கிட்ட கடிதம் வாங்குங்க. பதிவு மட்டும் பண்ணிட்டுப் போனா, அதே மாவட்டத்துக்கு இன்னொரு சங்கம் அங்கீகாரத்தோட நிக்கும். உங்க பசங்க மாநிலத் தேர்வுக்குப் போக முடியாது.

நிர்வாகக் குழு காலம் 3 வருசத்துக்கு மேல போகக்கூடாது. ஆள் மாறுனா படிவம் 7 தாக்கல் பண்ணோணும். பாதிச் சங்கம் படுக்கறது இங்கதான்: தேர்தல் நடத்துவாங்க, மினிட்ஸ் எழுதமாட்டாங்க. அரசுப் பள்ளியில சேந்தீங்கன்னா பொறுப்பு ஏத்துக்கறதுக்கு முன்னாடியே துறை அனுமதிய எழுத்துல வாங்கி வெச்சுக்கங்க.

நொய்யல்கரை:
நன்றிங்ணா. டேக் துண்டு எந்தத் துணியில வெட்டறதுங்க?

பாடிக்கோடு:
ரிப் துணி வேண்டாம், இழுத்தா நீளும், உருவாது. இன்டர்லாக் எடுங்க. ஒரு அணிக்கு ஒரே கலர்.