பிளாஸ்டிசைசர்: நெகிழியாக்கியா, நெகிழ்வூட்டியா?

வணக்கம். படலம் நொறுங்காமல் வளைவதற்காகக் கலக்கும் பொருளான பிளாஸ்டிசைசருக்கு (plasticizer) எந்தத் தமிழ்ச்சொல் பொருந்தும் என்பதே பேச்சு.

> பலரும் எழுதும் 'நெகிழியாக்கி'யையே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் என்பேன். நெகிழி என்றால் இன்று பிளாஸ்டிக். மக்கும் புரதப் படலத்தில் நெகிழியாக்கி உண்டு என்று உறையில் அச்சிட்டால், பிளாஸ்டிக் கலந்திருக்கிறது என்றே வாங்குபவர் நினைப்பார். கலப்பதோ கிளிசரால் அல்லது சார்பிட்டால். 'இளக்கி'யும் ஆகாது, தாது மாசைக் கசடாக்கும் பொருளுக்கு அந்தப் பெயரைப் பாடநூல்கள் கொடுத்துவிட்டன.

வே (whey, பால் திரிந்ததும் பிரியும் நீர்) புரதப் படலத்தை எடுத்துக்கொள்வோம். 10 கிராம் தூய வே புரதத்தை 90 மி.லி. நீரில் கரைத்து, 90 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குகிறோம். சுருண்ட புரதம் விரிந்து, சங்கிலிகளுக்கிடையே கந்தகப் பிணைப்புகள் உருவாகின்றன. ஆறியதும் 4 முதல் 5 கிராம் கிளிசரால் கலந்து, வெற்றிடத்தில் காற்றுக்குமிழிகளை நீக்கி (விட்டால் ஊசித்துளை விழும்), சமதளத் தட்டில் ஊற்றி உலர்த்துகிறோம். கிளிசரால் இல்லையேல் உரிக்கும்போதே நொறுங்கும். அது சங்கிலிகளுக்கு இடையில் புகுந்து ஹைட்ரஜன் பிணைப்புகளைக் குறைக்கிறது. கந்தகப் பிணைப்பைத் தொடுவதில்லை. படலம் வளைகிறது, நீள்கிறது. ஆனால் இழுவலிமை குறையும், நீராவியும் ஆக்சிஜனும் கூடுதலாக ஊடுருவும். அளவு மிஞ்சினால் கிளிசரால் மேற்பரப்பில் கசிந்து பிசுபிசுக்கும். சார்பிட்டாலில் நீராவி ஊடுருவல் குறைவு. நாள்பட வெள்ளையாகப் படிகமாகிவிடும், படலமும் விறைக்கும்.

ஆகவே என் பரிந்துரை: நெகிழ்வூட்டி.

---

> நெகிழ்வூட்டி

ஐயா, 'ஊட்டி' என்றால் நாமே சேர்த்தது என்றாகிறது. தண்ணீரை எங்கே வைப்பது? புரதப் படலத்தில் அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. காற்றிலிருந்து தானே ஏறிக்கொள்கிறது, கிளிசரால் இருந்தால் இன்னும் அதிகமாக. அதனால்தான் 50 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம் போன்ற ஒரே நிலையில் வைத்திருந்து பிறகு சோதிக்கிறோம். மழைக்கால அளவீட்டையும் கோடைக்கால அளவீட்டையும் அப்படியே ஒப்பிட முடியாது.

'நெகிழ்த்து' என்ற பிறவினை இருக்கிறதே. கடத்து, கடத்தி போல, நெகிழ்த்து, நெகிழ்த்தி. சொற்குடும்பமும் எளிதில் வளரும்: நெகிழ்த்தல், நெகிழ்த்திய படலம், சங்கிலியிலேயே பக்கக்கிளை இணைத்தால் அகநெகிழ்த்தல், குறைந்த அளவில் சேர்த்தது எதிர்மாறாக விறைப்பேற்றினால் எதிர்நெகிழ்த்தல்.

---

தண்ணீர் பற்றிய தடை சரியானது. 'நெகிழ்த்தி' வினையெச்சமாகவும் நிற்கும் என்பது சிறு குறை; 'கடத்தி'க்கும் அது உண்டு, யாரும் குழம்பியதில்லை. ஏற்கிறேன். கலைச்சொற் பட்டியலுக்கான வரைவு:

நெகிழ்த்தி: பலபடிச் (பாலிமர்) சங்கிலிகளிடையே புகுந்து, அவற்றின் ஈர்ப்பைக் குறைத்து, கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலையை (கண்ணாடிபோல் விறைத்த பொருள் இளகத் தொடங்கும் வெப்பநிலை) தாழ்த்தும் சிறுமூலக்கூற்றுப் பொருள். எ.கா. கிளிசரால், சார்பிட்டால், நீர்.