‘நீங்கும்போது’, ‘நீங்கும் வரை’: இரண்டும் ஒன்றா?

கேள்வி:
மேஜிக் தி கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தில் எழுந்த ஒரு வழக்கைத் தீர்க்க உதவி வேண்டுகிறேன். நான் ஆப்லிவியன் ரிங் என்ற கார்டை இறக்கி, அதன் திறனால் எதிராளியின் கிரீச்சரை (களத்தில் போரிடும் உயிரினக் கார்டை) குறிவைத்தேன். அந்தத் திறன் ஸ்டாக்கில் (திறன்கள் நடக்குமுன் ஒன்றன்மேல் ஒன்றாகக் காத்திருக்கும் அடுக்கில்) இருக்கும்போதே, அவர் இடையிலேயே ஆடக்கூடிய ஓர் இன்ஸ்டன்ட் கார்டால் ரிங்கை அழித்துவிட்டார். ரிங்கே இல்லாதபோது அதன் திறன் மட்டும் எப்படி நடக்கும் என்பது அவர் வாதம். கிரீச்சர் எக்ஸைலுக்கு, அதாவது களத்துக்கு வெளியே ஒதுக்கிவைக்கும் இடத்துக்கு, போகும் என்றேன் நான்; ஆனால் அது எப்போது திரும்பி வரும் என்று அவர் கேட்டபோது என்னால் விடை சொல்ல முடியவில்லை.

பதில் 1:
கிரீச்சர் எக்ஸைலுக்குப் போகும், திரும்பி வராது. ஸ்டாக்கில் ஏறிவிட்ட திறன், தன்னைத் தந்த கார்டு அழிந்தாலும் நிற்கும். ரிங்கில் இருப்பவை இரண்டு தனித்தனித் திறன்கள்: களத்திற்கு வரும்போது எக்ஸைல் செய்வது ஒன்று, களத்தை விட்டு நீங்கும்போது அந்தக் கார்டைத் திருப்பித் தருவது மற்றொன்று. ரிங் அழிந்ததும் இரண்டாவது திறன் முதலாவதன் மேல் ஏறி அமர்கிறது. கடைசியாக ஏறியதே முதலில் தீரும் என்பதால், திருப்பித் தர எதுவுமே இல்லாத நேரத்தில் அது நடந்து முடிந்துவிடுகிறது. அதன் பிறகுதான் எக்ஸைல் நடக்கிறது. உங்கள் எதிராளி சற்றுப் பொறுத்து, எக்ஸைல் நடந்த பின் ரிங்கை அழித்திருந்தால் கிரீச்சர் களத்திற்குத் திரும்பி வந்திருக்கும்.

பதில் 2:
இதை ஏற்கத் தயங்குகிறேன். இதே போல் எக்ஸைல் செய்யும் பேனிஷர் பிரீஸ்ட் என்ற கிரீச்சரை, அதன் திறன் ஸ்டாக்கில் இருக்கும்போதே இடையில் கொன்றபோது, கிரீச்சர் களத்தை விட்டு அசையவே இல்லை என்று நடுவர் தீர்ப்பளித்தார்.

பதில் 1:
அந்தத் தீர்ப்பும் சரியே. 2007-இல் வந்த ரிங்கின் வாசகத்தையும் 2013-இல் வந்த பிரீஸ்ட்டின் வாசகத்தையும் அருகருகே வைத்துப் படியுங்கள். பிரீஸ்ட்டில் இரண்டாவது திறனே கிடையாது. ‘பிரீஸ்ட் களத்தை விட்டு நீங்கும் வரை’ எக்ஸைல் செய் என்று ஒரே வாக்கியத்தில் முடிகிறது. விதி 610.3-இன்படி, அந்த ‘வரை’ குறிக்கும் நிகழ்வு முன்பே நடந்துவிட்டால் கார்டு இடம் மாறாது. மேலும், பிரீஸ்ட் பின்னர் நீங்கும்போது கிரீச்சர் ஸ்டாக்குக்குப் போகாமல் உடனே திரும்புவதால், இடையில் யாரும் குறுக்கிட முடியாது. இந்த ஒரு சொல்லுக்காகவே கார்டின் வாசகத்தை நினைவிலிருந்து சொல்லாமல், கையில் எடுத்து வாய்விட்டுப் படிக்குமாறு நான் எப்போதும் வற்புறுத்துகிறேன்.

கேள்வி கேட்டவர்:
தெளிவாகிவிட்டது, மிக்க நன்றி. குறிவைத்தது டோக்கனாக (கார்டு அல்லாமல், வேறொரு கார்டின் விளைவால் களத்தில் உருவான அடையாள வில்லையாக) இருந்தால்?

பதில் 2:
எக்ஸைலுக்குப் போன டோக்கன் அங்கேயே இல்லாமல் போய்விடும். ரிங், பிரீஸ்ட் இரண்டிலும் அது திரும்பாது.