பைத்தானில் போஸ்ட் அனுப்பினால் கெட்டாக மாறுகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அப்பாவின் மல்லிகைக் கடைக் கணக்கை ஓர் இணையச் சேவைக்கு அனுப்ப, பைத்தானில் ரிக்வெஸ்ட்ஸ் என்னும் நிரல் நூலகத்தை வைத்து ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். ‘புதிதாகச் சேர்ந்தது’ என்னும் 201 பதில் எண் வர வேண்டிய இடத்தில், வெறும் ‘சரி’ என்னும் 200 வந்தது. “மல்லி, 12 கிலோ” ஏறவே இல்லை, பழைய பட்டியல்தான் திரும்பி வந்தது. பதிலின் ஹிஸ்டரியைப் பார்த்தால் 301, அதாவது ‘முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது’. எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிவிடும்போது, தரவை ஏற்றும் போஸ்ட், தரவைக் கேட்டு வாங்கும் கெட் ஆகிவிடுகிறது.

சரி என்று முகவரியை எச்டிடிபிஎஸ் என்றே மாற்றினேன். அப்புறம் கடையின் பழைய கம்ப்யூட்டரில் மட்டும் சான்றிதழ்ப் பிழை. தேதி, நேரம் சரியாகத்தான் இருக்கின்றன. வீட்டு லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகிறது. சரிபார்ப்பை அணைத்துவிட மனம் வரவில்லை, டோக்கன் என்னும் ரகசிய அனுமதிக் குறி போகிற வழியாயிற்றே. நம்பத்தக்க சான்றிதழ்களின் தொகுப்பான செர்ட்டிஃபையைப் புதுப்பித்தால் போதுமா, வேறு எதைப் பார்க்க வேண்டும்? விடியுமுன் வியாபாரம் தொடங்கி, கை ஓய நோட்டில் எழுதுகிற அப்பாவுக்காகக் கேட்கிறேன்.