டிரிபிள் ஏ கேம் ஒன்றுக்குக் கொழும்பிலிருந்து மொடல் செய்து கொடுப்பது: ஆபத்து எங்கே?

மாடித்தோட்டம்:
வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தையில் ஏழு பேர் சேர்ந்து நடத்தும் முப்பரிமாண மொடல் ஸ்டூடியோ எங்களுடையது. இதுவரை மொபைல் கேம், விளம்பர வேலைகள்தான். இப்போது வெளிநாட்டுப் பெரிய ஸ்டூடியோ ஒன்று தங்கள் டிரிபிள் ஏ (மிகப் பெரிய செலவில் செய்யும்) கேமுக்குக் கட்டடம், தளபாடம், வாகனம் என்று 14 மாத வேலை தருவதாகச் சொல்கிறது. காசு நல்ல காசு. ஆனால் இந்த அளவிலான கேம்கள் பாதியில் நிற்பதையும், வெளிவந்து இரண்டு கிழமையில் மூடப்படுவதையும் பார்த்தால் பயமாக இருக்கிறது. இவ்வளவு காசு கொட்டியும் ஏன் விழுகின்றன? அது விழுந்தால் நாங்களும் கூடவே விழாமலிருக்க ஒப்பந்தத்தில் என்ன எழுதவேண்டும்?

கணக்கப்பிள்ளை:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். 2023 ஜூனில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு மைக்ரோசொஃப்ட்டுக்கு எதிராக நடத்திய வழக்கில், சரியாக மறைக்கப்படாத சோனி ஆவணம் ஒன்று வெளியே வந்தது. த லாஸ்ட் ஒஃப் அஸ் பார்ட் 2க்கு 220 மில்லியன் டொலர், ஹொரைசன் ஃபோர்பிடன் வெஸ்ட்டுக்கு 212 மில்லியன் டொலர் தயாரிப்புச் செலவு என்று அதில் இருந்தது. இரண்டும் சோனியின் கேம்கள். இந்தக் காசில் பெரும்பங்கு சம்பளம். ஓர் ஆளுக்கு மாதம் 10,000 டொலர் என்று வையுங்கள். 300 பேர் என்றால் மாதம் 3 மில்லியன். ஆறு மாதம் பிந்தினால் 18 மில்லியன், அதுவும் கேமில் புதிதாக ஒன்றும் சேராமலேயே.

இனி வரவு. 70 டொலர் விலையில் கடைக்காரர் 30 வீதம் எடுத்தால் மீதி 49. 200 மில்லியனை மீட்க முழு விலையில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்கவேண்டும். விளம்பரச் செலவு இதில் இல்லை. சில மாதத்தில் கழிவு விலைக்கு இறங்கினால் எண்ணிக்கை இன்னும் ஏறும்.

ஆனால் உண்மையான சிக்கல் காலம். ஐந்து வருடத்துக்கு முன் எடுத்த முடிவை இன்றைய சந்தையில் கொண்டுபோய் வைக்கிறார்கள். சோனியின் கொன்கோர்ட் என்ற கேம் 2024 ஓகஸ்ட் 23 வெளிவந்தது. விலை 40 டொலர், போட்டியாக நின்ற பல கேம்கள் இலவசம். செப்டெம்பர் 6ஆம் திகதி சேவரை நிறுத்திக் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒக்டோபரில் அதைச் செய்த ஃபயர்வோக் ஸ்டூடியோவையே மூடினார்கள். நேர்மாறாக, போல்டர்ஸ் கேட் 3 என்ற கேம் தன் முதல் அத்தியாயத்தை 2020 ஒக்டோபரிலேயே விற்பனைக்கு விட்டு, ஆடுபவர்கள் சொன்னதைக் கேட்டுத் திருத்தி, 2023 ஓகஸ்டில் முழுதாக வந்தது. எல்லா வகைக் கேமுக்கும் அந்த வழி பொருந்தாது. ஆனாலும் உங்கள் வாடிக்கையாளரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்: வெளியாட்கள் எப்போது ஆடிப் பார்க்கப்போகிறார்கள்?

நள்ளிரவு_ரெண்டர்:
கணக்கப்பிள்ளை அண்ணா சொன்ன பிந்தல் எங்கே தொடங்குகிறது என்பதையும் பார்க்கவேண்டும். தயாரிப்பு முழு வேகத்தில் ஓடும்போது அடித்தளத்தை மாற்றுவார்கள். பாத்திரத்தின் எலும்புக்கூட்டு அடுக்கை மாற்றினால் அதுவரை செய்த அனிமேஷன் எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தவேண்டும். இஞ்சின் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள்) பதிப்பை மாற்றினால் மெட்டீரியல்கள், அதாவது மேற்பரப்பின் தோற்ற அமைப்புகள், உடையும். ஆட்களைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது, புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கவே பழையவரின் நேரம்தான் போகும்.

உங்கள் பகுதிக்கு நேராகப் பொருந்துவது நினைவகம். டெக்ஸ்சர் என்பது மொடலின் மேல் போர்த்தும் படம். 4096 பிக்சல் அகல உயரமுள்ள ஒன்றைப் பீசி7 என்ற சுருக்க முறையில் சுருக்கினால் 16 மெகாபைட், மிப் அடுக்குகளோடு (தூரத்தில் காட்டும் சிறிய பிரதிகள்) ஏறத்தாழ 21. நிறம், நோர்மல் (மேடுபள்ளம் காட்டுவது), மற்றவை சேர்த்த ஒன்று என மூன்று என்றால் ஒரு பொருளுக்கே 64. எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ் இயந்திரத்தில் மொத்த நினைவகமே 10 ஜிகாபைட், அதிலும் ஒரு பங்கு இயங்குதளத்துக்கு. அன்ரியல் இஞ்சினின் நனைட் வசதி இருப்பதால் மொடலின் பலகோண எண்ணிக்கையைப் பற்றிக் கவலையில்லை என்று சொல்வார்கள். டெக்ஸ்சர் பாரம் அதனால் குறையாது. கடைசி வருடத்தில்தான் யாராவது அளந்து பார்த்து, எல்லாவற்றையும் 2048க்கு இறக்கச் சொல்வார்கள். வெறும் அளவைக் குறைப்பது ஒரு ஸ்கிரிப்ட் வேலை. ஆனால் எழுத்தும் நுண்ணிய கீறலும் மங்கினால் யூவியை (மொடலின் மேற்பரப்பை டெக்ஸ்சருக்காகத் தட்டையாக விரித்த வரைபடம்) திரும்பப் பிரிக்கவேண்டும். அது உங்கள் தலையில் வரும்.

அதனால் வேலை தொடங்க முன்பே தொழில்நுட்பத் தாள் ஒன்று கையெழுத்தாகட்டும். மீட்டருக்கு எத்தனை பிக்சல் (1024 என்றால் 1024 என்று எழுத்தில்), பெயரிடும் முறை, பிவொட் (பொருள் சுழலும் மையப் புள்ளி) எங்கே, மோதல் வடிவம் (பொருளில் முட்டுவதைக் கணிக்கும் எளிய வடிவம்) யார் செய்வது, எல்ஓடி (தூரத்துக்கேற்ப எளிமையாக்கிய மொடல்) எத்தனை படி, இஞ்சின் எந்தப் பதிப்பு. பிறகு ஒரேயொரு பொருளைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை செய்து, அவர்கள் இஞ்சினுக்குள் போட்டு, அவர்கள் ஒப்புக்கொண்ட பின் மற்றதைத் தொடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நாற்பது பொருளை ஒன்றாக அனுப்பினால் நாற்பதும் ஒரே பிழையோடு திரும்பி வரும்.

பம்பலப்பிட்டி_சட்டம்:
இரண்டாவது கேள்வி. வெளிநாட்டு ஒப்பந்தங்களில் 'காரணம் காட்டாமல் முடித்துக்கொள்ளும் உரிமை' என்றொரு பிரிவு அநேகமாக இருக்கும். அதை எடுக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். எடுக்கச் சொல்லாதீர்கள், விலை வையுங்கள்: 60 நாள் முன்னறிவித்தல், செய்து முடித்த பங்குக்கும் பாதியில் நிற்கும் பங்குக்கும் முழுக் கொடுப்பனவு, அதற்கு மேல் ஒரு மாதத் தொகை.

உரிமை கைமாறுவது காசு வந்த பிறகே என்று எழுதுங்கள். சில வரைவுகளில் 'உருவான கணத்திலேயே வாடிக்கையாளருக்குச் சொந்தம்' என்று இருக்கும். அப்படி இருந்தால் அவர்கள் காசு தராவிட்டாலும் நீங்கள் மொடலை விற்கவோ காட்டவோ முடியாது.

திருத்தம் இரண்டு சுற்று. தாளில் இருப்பதற்கு மாறாக அவர்கள் கேட்டால் அது திருத்தம் அல்ல, புதிய வேலை, புதிய விலை. குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்பதும் வேண்டும். தொகை டொலரில் இருக்கட்டும். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனதை யாரும் மறக்கவில்லை.

இன்னொன்று, இரகசியப் பிரிவு. 2023 டிசெம்பரில் இன்சோம்னியாக் என்ற கேம் ஸ்டூடியோவின் கோப்புகள் களவுபோய் வெளியான பிறகு இந்தப் பிரிவில் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். கசிவுக்கு வரம்பில்லாப் பொறுப்பு என்று இருந்தால் கையெழுத்திடாதீர்கள். ஒப்பந்தத் தொகையை மேல்வரம்பாகக் கேளுங்கள்.

மாடித்தோட்டம்:
மிக்க நன்றி. வரைவை இப்போதுதான் வடிவாகப் பார்த்தேன். நான்கு கிழமைக்கு ஒரு கட்டம், 15 நாளில் ஏற்பு, ஏற்றபின் 45 நாளில் காசு. முன்பணம் இல்லை. மேலதிக ஒரு மாதத் தொகைக்கும் மாட்டோம் என்கிறார்கள்.

கணக்கப்பிள்ளை:
கூட்டிப் பாருங்கள் தம்பி. 28, 15, 45. ஒரு கட்டம் தொடங்கி அதற்கான காசு கைக்கு வர 88 நாள். அதற்குள் மூன்றாவது கட்டத்தைச் செய்து முடித்து நான்காவதையும் தொடங்கியிருப்பீர்கள். அவர்கள் அன்று நிறுத்தினால் ஏழு பேரின் மூன்று மாதச் சம்பளம் தொங்கும். மேலதிகத் தொகையை விட்டுவிடுங்கள், நாட்களைக் குறையுங்கள். இரண்டு கிழமைக் கட்டம், 7 நாளில் ஏற்பு, 15 நாளில் காசு என்றால் 36 நாள். இதற்கும் மாட்டோம் என்றால் மூன்று மாதச் சம்பளம் வங்கியில் இருந்தால் மட்டும் கையெழுத்திடுங்கள்.