காப்புரிமையை எடுத்துவிட்டால் எல்லாருக்கும் மருந்து கிடைத்துவிடுமா?

கணக்கன்: மருந்து ஏழைகளுக்கு எட்டாததற்குக் காப்புரிமைதான் காரணம் என்று எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுகிறீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 1977 முதல் வெளியிடும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலைப் பாருங்கள், அதில் பெரும்பாலானவற்றின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அப்புறம் ஏன் கிடைக்கவில்லை?

ராப்பறவை: 2000 வாக்கில் எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆனது. 2001 பிப்ரவரியில் இந்திய மருந்துக் கம்பெனியான சிப்லா அதையே எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு 350 டாலருக்குத் தருகிறோம் என்றது. மிச்சப் பணம் யாருக்குப் போய்க்கொண்டிருந்தது? அதே நேரத்தில் 39 மருந்துக் கம்பெனிகள், மலிவு மருந்துக்கு வழிவிட்ட தென்னாப்பிரிக்காவின் மருந்துச் சட்டத்தை எதிர்த்து வழக்கு நடத்தின, உலகமே காறித் துப்பிய பிறகுதான் ஏப்ரலில் வாபஸ் வாங்கின.

கணக்கன்: ஆராய்ச்சிக்குப் போனது. பாதி வழியில் தோற்ற மருந்துகளின் செலவையும் ஜெயித்த மருந்துதான் சுமக்கிறது, சிப்லாவுக்கு அந்தச் செலவு இல்லை. சரி, வலி நிவாரணியான மார்ஃபினுக்கு வாருங்கள். இருநூறு வருடப் பழைய சரக்கு, காப்புரிமையும் கிடையாது, விலையும் சொற்பம். ஆனாலும் ஏழை நாடுகளில் புற்றுநோயாளிகள் வலியில் துடித்தே சாகிறார்கள். போதைக்குப் பயந்து போட்ட சட்டங்கள், எழுதித் தரத் தயங்கும் டாக்டர்கள், லாபம் இல்லாததால் இறக்குமதி செய்ய ஆளில்லை. இதில் காப்புரிமை எங்கே வந்தது?

ஸ்டோர்சாவி: மருந்துக் கிடங்கில் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், இருவருமே பாதிதான் பேசுகிறீர்கள். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையை 1923ல் டொரண்டோ பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டாலருக்கு விற்றார்கள். இன்றைக்கு உலகச் சந்தையில் பெரும்பங்கு மூன்று கம்பெனிகள் கையில். அவர்கள் கேட்கும் விலையைக் கொடுத்து வாங்கினாலும், பிரிக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், கரண்ட் இல்லாத இடத்தில் என்ன செய்வது?

ராப்பறவை: அதற்காகக் கம்பெனிகளை விட்டுவிட முடியாது. கல்லீரல் அழற்சி சி-க்கான சோஃபோஸ்புவிர் 2013ல் வந்தபோது 12 வாரத்துக்கு 84,000 டாலர், அமெரிக்காவிலேயே பல காப்பீடுகள் கல்லீரல் நன்றாகக் கெட்டவர்களுக்குத்தான் தந்தன!

கணக்கன்: உலக வர்த்தக அமைப்பின் 2001 தோஹா பிரகடனம், கட்டாய உரிமம் தரும் அதிகாரத்தை, அதாவது காப்புரிமைக்காரரின் சம்மதம் இல்லாமலே மருந்தைத் தயாரிக்க அரசு அனுமதி தரும் அதிகாரத்தை, உறுதி செய்ததே, அரசுகள் ஏன் தூங்குகின்றன?

ராப்பறவை: தாய்லாந்து பயன்படுத்தியது. 2007ல் அமெரிக்கா அந்த நாட்டை, காப்புரிமை போன்றவற்றைச் சரியாகக் காக்காத நாடுகள் என்று தான் வைத்திருக்கும் முன்னுரிமைக் கண்காணிப்புப் பட்டியலில் ஏற்றியது. பார்த்துக்கொண்டிருந்த மற்ற நாடுகளுக்குத் துணிச்சல் எங்கிருந்து வரும்?

கணக்கன்: தாய்லாந்து விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். மார்ஃபினுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.