மிச்ச நூலைக் குருவிக் கூட்டுக்கு வைக்கலாமா?

ஊசியும்நூலும் கேட்டது:
சாயங்காலம் வீட்டில் எல்லோரும் பால்கனியில் உட்காரும்போதுதான் பின்னல் வேலை ஓடும். சிட்டுக்குருவி, புறா எல்லாம் அந்த நேரத்தில்தான் வருகின்றன. குருவிகள் காய்ந்த புல்லைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, மிச்ச நூலைக் கூடையில் போட்டுத் தொங்கவிடலாமே என்கிறார்கள் பிள்ளைகள். அக்ரிலிக், கம்பளி, பருத்தி மூன்றும் இருக்கிறது. விரல் நீளத்திலிருந்து இரண்டு மீட்டர் வரை. எதை வைக்கலாம்? கூடாதென்றால் இத்தனை துண்டையும் என்ன செய்வது?

மாடிக்குருவி:
மூன்றையும் வைக்காதீர்கள். குஞ்சு கூட்டுக்குள் சுமார் இரண்டு வாரம் இருக்கும். அதற்குள் கால் மளமளவென்று தடிக்கும். காலைச் சுற்றிய நூல் இளகாது. ரத்த ஓட்டம் நின்று விரலோ பாதமோ கருகி விழும். விரல் இல்லாமல் நொண்டும் புறாக்களைப் பார்த்திருப்பீர்கள், பல சமயம் காரணம் நூலும் தலைமுடியும்தான். கூட்டோடு கால் பின்னிக்கொண்டால் குஞ்சால் பறந்து வெளியேறவே முடியாது.

கொடுத்தே ஆகவேண்டுமென்றால் காய்ந்த புல், மெல்லிய சுள்ளி, சருகு, உதிர்ந்த இறகு போதும். துணி உலர்த்தும் இயந்திரத்தில் சேரும் பஞ்சு வேண்டாம், மழையில் நனைந்தால் நைந்துபோகும். உண்ணி மருந்து போட்ட நாயின் முடியும் வேண்டாம்.

ஊசியும்நூலும்:
ஒரு அங்குலமாக நறுக்கினால்கூடவா?

மாடிக்குருவி:
ஆபத்து குறையும், போகாது. முறுக்கிய நூல் வெயிலிலும் மழையிலும் பிரிந்து மயிரிழை மாதிரி ஆகிவிடும். குஞ்சின் காலைச் சுற்ற அந்த நீளமே போதும். ஏற்கெனவே சிக்கிய பறவை கிடைத்தால் நூலை இழுக்காதீர்கள். மெல்லிய துணியால் மூடிப் பிடித்து, நூல் மேலாக இருந்தால் மட்டும் முனை மழுங்கிய கத்தரியால் வெட்டுங்கள். சதைக்குள் இறங்கியிருந்தால் கால்நடை மருத்துவரிடம்தான் போகவேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. விழுந்த குஞ்சைத் தாராளமாகக் கூட்டில் திருப்பி வைக்கலாம்.

நாற்பதுகண்ணி:
துண்டு நூலுக்கு நல்ல வழி, பறவைக் கணக்குப் பட்டை. வீடே சேர்ந்து பின்னலாம். 4 மி.மீ. ஊசி, நடுத்தரக் கனமுள்ள நூல், 40 கண்ணி (ஊசியில் ஏற்றும் நூல் வளையம்). எல்லா வரிசையும் நேர்ப்பின்னல் (knit stitch). ஒரு நாளைக்கு இரண்டு வரிசை, அன்று அதிகம் வந்த பறவையின் நிறத்தில்: குருவிக்குப் பழுப்பு, புறாவுக்குச் சாம்பல், யாரும் வராத நாளுக்கு வெள்ளை. இரண்டாக வைத்தால்தான் நிறம் எப்போதும் ஒரே ஓரத்தில் மாறும். ஒற்றை வரிசையில் மாற்றினால் இரண்டு பக்கமும் நூல்முனை தொங்கும்.

அகலம் ஏறக்குறைய 20 செ.மீ. வரும். ஒரு வரிசைக்கு அகலத்தைப் போல மூன்று மடங்கு நூல், இரண்டுக்கு 120 செ.மீ., முனையைப் பின்னலுக்குள் செருகி மறைக்க இரு பக்கமும் 15 செ.மீ. ஆக ஒன்றரை மீட்டருக்குக் குறைந்த துண்டைத் தொடாதீர்கள், பாதி வரிசையில் தீர்ந்துவிடும். அதை நறுக்கிக் குண்டூசி மெத்தைக்குள் அடைக்கலாம். ஒரு மாதத்தில் நீளம் கிட்டத்தட்ட 15 செ.மீ. ஆகும். கம்பளியையும் அக்ரிலிக்கையும் ஒரே பட்டையில் கலக்காதீர்கள். வெந்நீரில் கம்பளி சுருங்கும், அக்ரிலிக் சுருங்காது, பட்டை கோணிக்கொள்ளும்.

பிள்ளைகள் பின்னினால் 40 எப்படியோ 43 ஆகும். வரிசை தொடங்கும்போது நூல் ஊசிக்கு மேலாகப் பின்னால் போயிருக்கும். முதல் கண்ணி இழுபட்டு இரண்டு கண்ணி மாதிரித் தெரியும், இரண்டையும் பின்னிவிடுவார்கள். நூலை ஊசிக்கு அடியில் கொண்டுவந்த பிறகு பின்னச் சொல்லுங்கள், வரிசை முடிவில் எண்ணட்டும்.

சலசலப்பு:
ஒன்று விட்டுப்போச்சு. நூல் கூடைக்கு மூடி போடுங்க, இல்லாட்டி குருவி தானே வந்து உருவிக்கிட்டுப் போகும். தண்ணி வைக்கிறதா இருந்தா சொரசொரப்பான தட்டு, ஆழம் 3 செ.மீ. தாண்டாம, நடுவுல ஒரு கல். தினமும் கொட்டித் தேய்ச்சு மாத்தணும், இல்லாட்டி கொசுப்புழு வந்துடும். புறா எச்சத்தைக் காய்ஞ்சபடியே பெருக்காதீங்க, தூசியில பூஞ்சை பறக்கும். முகமூடி போட்டு, நனைச்சு ஊறவிட்டுச் சுரண்டுங்க. பின்னல் துணி மேல விழுந்த எச்சத்தை மட்டும் காயவிட்டு வெளியில வச்சு உதிருங்க, ஈரத்துல தேய்ச்சா இழைக்குள்ள இறங்கிடும். அதுக்கும் முகமூடி வேணும்.